ரோஸ் கலர் கூலன்ட்

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று கார் பானெட்டைத் திறந்தபடியே தலையில் கை வைத்தான் மாப்பிள்ளை. மனசுக்குள் மட்டும் குத்தாட்டம் போட்டான்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிற கூலன்ட் இருக்கவேண்டிய டப்பாவில் ரோஸ் கலரில் கெட்டியாக என்னவோ நின்றது. மாமியாரை இன்று காரில் அழைத்துப் போய் ஒரு மாதம் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்வுபெற்ற அந்த அம்மாள், அவன் பிரேக் பிடிப்பதிலிருந்து பல் தேய்ப்பது வரை குறை கண்டுபிடிப்பவர்.

"கியர் ஆயில் கூலன்ட்டோட கலந்திருக்கும் மாப்பிள்ளை," என்றார் மாமியார், வாசற்படியை விட்டு அசையாமல். "ஆட்டோமேட்டிக் வண்டியில ரேடியேட்டருக்குள்ள ஓட்டை விழுந்தா இப்படித்தான். ஓட்டினா கியர்பாக்ஸ் காலி. நீங்க ரெண்டு பேரும் பஸ்ல கிளம்புங்க. நான் இன்னொரு நாள் வர்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, மாமியார் பேச்சை முழு மனதோடு ஏற்றுக்கொண்டான்.

மனைவி விடுவதாக இல்லை. தெருமுனை மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

அவர் டப்பாவுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை மோந்தார்.

"ஆயில் பிசுக்கே இல்லியே. இது ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் சார். நல்லவேளை, டப்பாவோட நின்னுடுச்சு. கழுவி விட்டா வண்டி கிளம்பிடும்."

மனைவி பத்ரகாளியாகத் திரும்பினாள். "எங்கம்மா வரக்கூடாதுன்னு இப்படியொரு வேலையா? பிரிட்ஜ்ல வச்சதைக் காணோமேன்னு காலைலேர்ந்து தேடறேன்!"

"சத்தியமா நான் ஊத்தலடி!"

"பின்னே, பூனை வந்து ஊத்திச்சா?" என்றவள், அம்மாவின் பெட்டியை எடுத்துவர விருட்டென்று உள்ளே போனாள்.

செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டது அவனுக்கு நிஜமாகவே வலித்தது. இந்த யோசனை தனக்குத் தோன்றாமல் போனது அதைவிட வலித்தது.

"அத்தை, நீங்களாவது நம்புங்க. நான் ஊத்தல," என்றான் அழாத குறையாக.

மாமியார் மெல்ல எழுந்து அருகில் வந்தார். மகள் போன திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் மாப்பிள்ளை. உங்களோட ஒரு மாசம் யாரு குப்பை கொட்டறது?"