கை வாங்கிய பாரம்

“இன்னிக்கும் அறுபத்தெட்டுதானா? நேத்தும் அதான், முந்தாநாளும் அதான். உங்க எடைக்கு அலுக்கவே அலுக்காதாப்பா?” என்று குளியலறை வாசலில் நின்று சிரிக்கிறாள் மகள். டாக்டர் தினமும் எழுதிவரச் சொன்ன நோட்டில் எண்ணை எழுதிக்கொள்கிறாள். “இந்த வயசுல என்னம்மா ஏறப்போகுது?” என்கிறார் அப்பா, எடை மெஷினை விட்டு இறங்காமலே. சின்ன சன்னல் வழியே வரும் காலை வெயிலில் அவருடைய வீங்கிய பாதங்கள் பளபளக்கின்றன. இதயம் பெரிதாகிப்போனவர் அவர். எடை இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம், உடனே வந்து படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன தடவை அங்கே ஒரு நர்ஸ் கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் அவரைத் துடைத்துவிட்டாள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மகளின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. அவள் பார்வை போன வழியே அவரும் பார்க்கிறார். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் அவருடைய இடது கை நரம்பு புடைக்க ஊன்றி, உடம்பின் பாரத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷம் மளிகைக் கடையில் தராசு பிடித்த கை. நினைத்த இடத்தில் முள்ளை நிறுத்தத் தெரிந்த கை. அவர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், குன்றிமணி குறையாது என்று ஊரே சொன்ன கை. குழாய் சொட்டுகிறது. காது மடல்வரை சுடுகிறது அவருக்கு. திட்டினாலாவது தேவலை. அவள் திட்டவில்லை. எழுதிய எண்ணை ஒரு கோடு போட்டு அடிக்கிறாள். அவர் முகத்தைப் பார்க்காமல், “கையை எடுத்துட்டு இன்னொரு தடவை நில்லுங்கப்பா” என்கிறாள்.