ஒன்பதாம் பக்கத்து ஐந்து மார்க்

ஜூன் 9, தேர்வுத்துறை அலுவலகம், மூன்றாம் கவுன்ட்டர்: பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 33 வாங்கிய மாணவிக்கு அவளுடைய விடைத்தாளின் நகல் காலை பதினொரு மணிக்கு வழங்கப்பட்டது. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

ரிசல்ட் வந்ததிலிருந்து மூன்று வாரமாக மகளை "மக்கு" என்றே கூப்பிட்டுவந்த அப்பா, நகலை மளமளவென்று புரட்டிவிட்டுக் கொதித்தார்.

"ஒன்பதாம் பக்கத்து அஞ்சு மார்க்கக் கூட்டவே இல்ல. எந்த முட்டாள் திருத்தினான்?"

"யார் திருத்தினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது சார். யாரோட பேப்பர்னு அவங்களுக்கும் தெரியாது. எல்லாம் ரகசிய எண்தான்," என்றார் கிளார்க். "புகார் குடுத்தா, திருத்தினவங்க பேர் இருக்கிற உறையப் பிரிப்போம்."

"குடுக்கிறேன். கூட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குச் சிவப்புப் பேனா?"

திருத்தியவருக்கு மூன்றாண்டு தடை விதிக்கக் கேட்டு அப்பாவே மனு எழுதினார். மாணவிதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

"போடுடி மக்கு."

போட்டாள்.

கிளார்க் மனுவில் முத்திரை குத்தி, உறையைப் பிரித்து, திருத்திய ஆசிரியரின் பெயரையும் பள்ளியையும் வாசித்தார். அப்பாவின் பெயர். அவர் இருபது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளி.

அப்பாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "அந்த மனுவக் கிழிச்சுப் போட்ருங்க சார்."

"கையெழுத்துப் போட்டவங்க சொல்லணும்."

"சொல்லும்மா," என்றார் அப்பா.

மகள் பேனாவை மூடினாள். "விதிப்படி செய்யுங்க சார்."

மகள் 38 மதிப்பெண்ணில் தேர்ச்சி பெற்றாள். விடைத்தாள் திருத்த அப்பாவுக்கு மூன்றாண்டு தடை விதிக்கப்பட்டது.