மூன்றாவது தாழ்ப்பாள்

மேசைமேல் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கழற்றிய தாழ்ப்பாளும் கிடந்தன. எதிரே ஐந்தாம் வகுப்பு மாரிசெல்வி தலைகுனிந்து நின்றாள்.

"கையும் களவுமா புடிச்சிக்கினு வந்தேன் மேடம். இது மூணாவது தாப்பா. டி.சி.யக் கிழிச்சிக் குடுத்து அனுப்புங்க" என்றார் சுப்பிரமணி வாத்தியார்.

தலைமையாசிரியை விஜயலக்ஷ்மிக்கு அலுப்பாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனிகள் வந்தாலும் வந்தன, பள்ளி வாசலில் நாள் முழுக்க லாரி. கதவைச் சாத்தாவிட்டால் இரைச்சலில் பாடம் காதில் விழாது. ஐந்தாம் வகுப்புக் கதவு மட்டும் எந்நேரமும் ஆவென்று திறந்தே கிடந்தது.

வகுப்பாசிரியை வசுதாவைக் கேட்டுப் புண்ணியமில்லை. இந்த 2005 ஜூனில்தான் நாகப்பட்டினத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், அதிர்ந்து பேசத் தெரியாது. பிள்ளைகள் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"வசுதா மிஸ் லீவு போட்ட ரெண்டு நாளும் நான்தானே கிளாஸ் எடுத்தேன்? கதவு சாத்தியேதான் இருந்திச்சு. ஒண்ணும் வாயத் தொறக்கல. பிரம்புன்னா அவ்ளோ பயம் மேடம்!"

அவரை அனுப்பிவிட்டு விஜயலக்ஷ்மி டி.சி. புத்தகத்தைப் பிரித்தாள். பேனாவைத் திறந்த கை நின்றது.

சனி, ஞாயிறு இரண்டையும் விழுங்கிய காஞ்சிபுரம் பயிற்சியில் ஒன்றுதான் மனதில் ஒட்டியிருந்தது. தப்பு செய்த பிள்ளையை ஏன் செய்தாய் என்று அதட்டக் கூடாது, உனக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே.

மாரிசெல்வி தாயில்லாத பெண். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர், வாடகை அறையில் குடித்தனம்.

"இங்க வாம்மா. அப்பா நைட் ஷிப்டுக்குப் போறப்ப உன்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடறாரா?"

"ஆமா டீச்சர்."

இந்தக் குழந்தையையா திருடி என்று விரட்டப் பார்த்தோம்! விஜயலக்ஷ்மி டி.சி. புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

"அதான் மூடின கதவப் பாத்தா உனக்கு பயமா இருக்கா?"

மாரிசெல்வி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு என்ன பயம்? கதவ அடைச்சா எங்க வசுதா டீச்சருக்குத்தான் கடல் வார சத்தம் கேக்குதாம்."