புல்லில் விழுந்த தடம்

மலை சரிந்து எங்கள் ஊர் சான்டா ஓதிலியா புதைந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. மனைவி ரொசால்பாவின் உடலையாவது தோண்டி எடுக்க வேண்டும் என்று எலியேசர் என்னிடம் வந்தார். ஆனால் வீடு இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. அங்கே இப்போது வெறும் புல்வெளிதான்.

நகராட்சியில் நில அளவைப் பிரிவு என்னுடையது. ஊரின் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து, கணினியில் சுழலும் பூமி உருண்டையின் மேல் ஒட்டினேன். சரிவுக்குத் தப்பிய தேவாலயத்தையும் பாலத்தையும் அடையாளமாக வைத்து அதைப் பொருத்தினேன்.

"இதோ, மகளே. இதான் எங்க அடுப்படி" என்று எலியேசர் திரையில் விரல் வைத்தார்.

வரைபடத்தை மெல்ல மங்கலாக்கினேன். அடியிலிருந்து போன மாதத்துச் செயற்கைக்கோள் படம் எழுந்து வந்தது. அவர் விரல் வைத்த இடத்திலிருந்து ஓடைவரை, புல்லில் ஒற்றையடிப் பாதை ஒன்று தேய்ந்து கிடந்தது.

"மாடு கீடு மேயுதா அங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் ஒரு கோழிகூடப் போறதில்ல. அவ தண்ணி எடுக்கப் போற வழி அது."

மறுநாள் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு போனோம். பாதை அங்கே இருந்தது. ஆட்கள் தோண்டத் தொடங்கும்போது எலியேசர் கை காட்டி நிறுத்தினார்.

"ஒதுங்குங்கப்பா. கை நிறையச் சுமையோட வர்றா."

தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர் புல்லுக்குள் இறங்கி நின்றார். நாங்களும் இறங்கினோம். காய்ந்த பாதையில், ஓடைப் பக்கமிருந்து ஈரம் சொட்டுச் சொட்டாக விழுந்தபடி எங்களைக் கடந்து போனது.