புது வில்

நிறைமாத மகள் மைமூனைக் குலுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் பக்கீர் குதிரை வண்டிக்கு அடியில் புது இரும்பு வில் போட்டிருந்தார். பழைய வில்லின் கிரீச்சலைக் கேட்டே நடந்து பழகிய குதிரைக்கு இப்போது முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்று, வண்டி வருகிறதா என்று கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தது.

“வண்டி எங்கயும் ஓடிப்போயிடலடா, ஒங்கப்பன் மாதிரி! நடடா!”

வண்டிக்குள் மைமூனுக்கு வலி நெருங்கி நெருங்கி வந்தது. பாலத்து ஏற்றத்தில் குதிரை மறுபடியும் நிற்க, பக்கீர் சாட்டையை ஓங்கினார்.

“அடிக்காதீங்கத்தா. நான் எறங்கிக்கிறேன்.”

“இந்த நெலமையிலயா? பேசாம உக்காரும்மா!”

அவள் இறங்கிவிட்டாள். வயிற்றைத் தாங்கியபடி முன்னால் நடந்தாள். கண்ணெதிரே ஆள் போனதும் குதிரை கிளம்பியது. வலியில் அவள் நின்றபோதெல்லாம் அதுவும் நின்றது. பதறிக் குதித்த பக்கீர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்னால், ஆளில்லாத வண்டி துளியும் குலுங்காமல் வந்துகொண்டிருந்தது.