பச்சை விளக்கு

பரோட்டா மாஸ்டர் காஜாமைதீனின் உடைந்த மணிக்கட்டுக்கு நர்ஸ் எஸ்தர் புதுவகைச் சிம்பு வைத்துக் கட்டினாள். கை வீங்கினால் அது தானே தளர்ந்து கொடுக்கும். அதிலுள்ள விளக்கு ஆபத்தென்றால் சிவப்பாகவும் இல்லையென்றால் பச்சையாகவும் எரியும்.

"சிஸ்டர், விரலெல்லாம் மரத்துப் போகுது."

எஸ்தர் விரல்களைத் தொட்டுப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். பச்சை. "ஒண்ணுமில்லண்ணே, வீட்டுக்குப் போங்க."

மறுநாள் காலையில் அவர் திரும்பி வந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. விளக்கு அப்போதும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. நான்கு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்துத்தான் வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே நிற்க அவளுக்குத் தைரியம் வந்தது.

"நீங்க என்ன செய்வீக சிஸ்டர்? மிஷினு பொய் சொல்லிருச்சு," என்றார் அவர்.

"நீங்க உண்மையச் சொன்னீங்களேண்ணே," என்றாள் எஸ்தர்.