மிளகாய் நெடி

கனடாவின் வடகோடியில், யூகான் காட்டு மண்சாலையில் இருவரும் பைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரடி அந்த மூஸ் மான் கன்றின் முதுகெலும்பைக் கடித்து முறித்தது. கன்று கத்தக் கத்த வயிற்றைக் கிழித்துத் தின்றது.

டொரான்டோவிலிருந்து வந்த லைல் பைக்கைத் திருப்பப் பார்த்தான். "இங்க பக்கத்துலயா தங்கப்போறோம், வேட்?"

"பயப்படாதடா பட்டணத்தான். கரடி விரட்டுற இந்த மிளகாய் ஸ்ப்ரேயை உன் கூடாரம் பூரா அடிச்சு விடு. ஒண்ணும் கிட்ட வராது."

வேட் நூறடி தள்ளித் தன் கூடாரத்தைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனான். திரும்பி வந்து படுத்தபோது கண் எரிந்தது. காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது போல.

தன் மனைவியின் போனில் லைல் அனுப்பிய முத்தச் செய்திகளை வேட் படித்து ஒரு வாரம்தான் ஆகிறது. மிளகாய் நெடியை மூஞ்சியில் அடித்தால் கரடி ஓடும். துணியில் காய்ந்துவிட்டால் மோப்பம் பிடித்துத் தேடி வரும். இது வேட் மாதிரி யூகான்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

வெளியே உறுமல் கேட்டது. வேட் சிரித்துக்கொண்டான்.

"வேட், கரடிடா!" லைல் தூரத்திலிருந்து கத்தினான். "நீ பயப்படாத. இருந்தது ஒரு டப்பாதானே, முழுசையும் உன் கூடாரத்துக்கே அடிச்சிட்டேன். உனக்கு ஒரு துரோகம் பண்ணிருக்கேன்டா. அதுக்கு இதாவது..."

வேட்டின் தலைமாட்டில் துணி டர்ரென்று கிழிந்தது.